மாட்டியதை எழுதி வையுங்கள்

பழைய பேட்மேன் தொடரின் பொம்மைகளையும் வண்டிகளையும் சேர்த்து வைத்திருக்கும் நண்பர்களுக்கு,



உங்களிடம் ஒரு வேண்டுகோள். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு பொருளிலும் எது தொழிற்சாலையிலிருந்து வந்தது, எது பின்னால் யாரோ மாட்டியது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். பொருள் கைமாறும்போது அந்தச் சீட்டும் கூடவே போகட்டும். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நம் வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் பேசுவது 1966 ஜனவரி 12 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி, 1968 மார்ச் வரை 120 பகுதிகள் ஓடிய பேட்மேன் தொடரைப் பற்றி. ஆடம் வெஸ்ட் பேட்மேன், பர்ட் வார்ட் ராபின். சண்டை வரும்போது திரையில் கொட்டை எழுத்தில் அடியின் சத்தம் தெறிக்கும். சாய்ந்த கேமரா, கண்ணைப் பறிக்கும் வண்ணம், எதற்கும் முகம் மாறாத ஒரு கதாநாயகன். இன்றைய இருண்ட பேட்மேன் படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு இது வேறு உலகமாகத் தெரியும். எங்களுக்கு இதுதான் வீடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம்மில் இளையவர் ஒருவர், பல மாதம் பணம் சேர்த்து, ஒரு விற்பனையாளரிடம் பேட்மேன் வண்டியின் பொம்மையான கார்கி 267 பேட்மொபீலை வாங்கினார். "முதல் வெளியீடு, மேட் கறுப்பு" என்று சொல்லித்தான் விற்றார்கள். விலையும் அதற்கேற்பத்தான் இருந்தது. வண்டியை என்னிடம் எடுத்து வந்தார். கவிழ்த்துப் பார்த்தேன். கார்கி வண்டிகளின் அடித்தகடு உடலோடு ரிவெட் அடித்துச் சேர்க்கப்பட்டிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தொழிற்சாலையில் அடித்த ரிவெட்டின் தலை வழவழப்பாக, வட்டம் குலையாமல் இருக்கும். இதில் இரண்டு தலைகளும் துளைத்து எடுக்கப்பட்டு, உள்ளே ஏதோ பசை வைத்து அடைத்து, மேலே வண்ணம் பூசப்பட்டிருந்தன. வண்டியைப் பிரித்து, பளபளப்பான கறுப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, மங்கல் கறுப்பை அடித்திருக்கிறார்கள். கதவில் இருந்த சிவப்பு வௌவால் சின்னத்தைச் சாய்த்துப் பிடித்தபோது அதைச் சுற்றி மெல்லிய கண்ணாடித் தாளின் விளிம்பு தெரிந்தது. அது நேற்று அச்சடித்தது.

அந்தப் பையன் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "அண்ணா, அப்ப நான் இதுவரைக்கும் வாங்கினதெல்லாம்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் அவர் அலமாரியில் இருப்பதில் பாதி, நம் வட்டத்தில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி அவரிடம் போய்ச் சேர்ந்தது. அதில் எந்தப் பொருளோடும் ஒரு வரிகூட எழுதிய காகிதம் இல்லை.

267 ஏன் இப்படி ஆசையையும் ஏமாற்றையும் ஒருசேர இழுக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். வேல்ஸில் ஸ்வான்ஸீ நகரில் மெட்டாய் நிறுவனம் நடத்திய தொழிற்சாலையில் பிறந்தது கார்கி. 1965-இல் ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டினை, குண்டு துளைக்காத கேடயமும் ஆளைத் தூக்கி எறியும் இருக்கையுமாகச் செய்து உலகத்தையே வாங்க வைத்தவர்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் பேட்மொபீல் வந்தது. ஐந்து அங்குல நீளம்தான். பானெட் மேலுள்ள சிறு பொத்தானை அழுத்தினால் மூக்கிலிருந்து சங்கிலி வெட்டும் கத்தி பாயும். வண்டியை உருட்டினால் பின்னால் சிவப்புத் தீ நாக்கு உள்ளேயும் வெளியேயும் போய் வரும். பின்பக்கம் மூன்று குழல்கள். இருக்கைக்குப் பின்னால் இருக்கும் சிறு சக்கரத்தை விரலால் திருப்பினால் ராக்கெட் ஒவ்வொன்றாகத் துள்ளிப் பறக்கும். பெட்டியில் கூடுதலாக 12 மஞ்சள் ராக்கெட், ஒரே பிளாஸ்டிக் தண்டில் காய்த்தது போல வரிசையாக. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ். ரகசியக் குறிப்பு என்று ஒரு உறை.

அந்தச் சக்கரத்தை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். பல்லில் பல் ஏறும் அந்தச் சின்ன எதிர்ப்பு விரல் நுனிக்கு வரும், பிறகு ஒரு விடுதலை. மின்கலம் கிடையாது, மோட்டார் கிடையாது. கம்பியும் நெம்புகோலும் அச்சில் வார்த்த துத்தநாகக் கலவையும் சேர்ந்து ஒரு குழந்தைக்கு இவ்வளவு கொடுத்திருக்கின்றன. கார்கியின் தலைமை வடிவமைப்பாளர் மார்செல் வான் கிளீம்புட்டும் அவருடைய குழுவும் செய்த வேலை இது. வேறு எந்த நிறுவனத்தின் பேட்மொபீலும், எவ்வளவு பெரிதாக, எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், இந்த இயக்க அழகுக்குப் பக்கத்தில் வந்ததில்லை என்பது என் முடிவு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு விடிய விடியப் பேசத் தயார்.

இப்படிப்பட்ட வண்டி குழந்தை கையில் என்ன ஆகும்? ராக்கெட்டுகள் சோபாவுக்கு அடியிலும் தோட்டத்துப் புல்லிலும் போய்ச் சேரும். ஏரியல் உடையும். பேட்மேன் கழன்று ராபின் மட்டும் மிஞ்சுவார். பெட்டி அன்றைக்கே கிழியும். அதற்காகத்தானே செய்தார்கள்! ஆகவே இன்று நம்மிடம் வந்து சேரும் 267 பெரும்பாலும் குறையோடுதான் வரும். குறையை நிரப்ப ராக்கெட், உருவங்கள், ஏரியல், ஒட்டுச் சின்னங்கள், ஏன், முழுப் பெட்டியேகூட இன்று புதிதாகச் செய்து விற்கிறார்கள். நாம் 'ரீப்ரோ' என்று சொல்லும் மாற்று உறுப்புகள்.

ரீப்ரோ வாங்குவதை நான் குறை சொல்லவே மாட்டேன். நானும் வாங்குகிறேன். ராக்கெட் இல்லாத வண்டியில் அந்தச் சக்கரத்தைத் திருப்பி என்ன பயன்? பழுது பார்ப்பதும் அன்பின் ஒரு வகைதான். நான் எதிர்ப்பது மௌனத்தை. மாட்டியவருக்குத் தெரியும். அவரிடம் வாங்கியவருக்கு அரைகுறையாகத் தெரியும். மூன்றாவது கைக்குப் போகும்போது யாருக்கும் தெரியாது. அங்கே பொய் யாரும் சொல்லவில்லை, ஆனாலும் பொருள் பொய்யாகிவிட்டது.

இதில் இழப்பு பணம் மட்டும் என்று நினைக்காதீர்கள். 267-இன் வரலாறே அதன் உடலில்தான் எழுதியிருக்கிறது. மங்கல் கறுப்பு கொஞ்ச காலமே வந்தது, பிறகு பளபளப்பு. முதலில் வந்த வண்டிகளில் இழுவைக் கொக்கி கிடையாது. 1967-இல் 107 என்ற எண்ணில் பேட்படகு வந்தது. வண்டியும் படகும் சேர்ந்து பரிசுப் பெட்டியாக விற்கப்பட்டபோது, படகின் டிரெய்லரை இழுக்க அடித்தகட்டில் கொக்கி முளைத்தது. சக்கரத்தின் நடுவே வௌவால் பொறித்த தங்க நிற வட்டு ஒரு காலத்தைச் சொல்லும், சிவப்பு வௌவால் இன்னொரு காலத்தைச் சொல்லும். எழுபதுகளில் வேகமாக உருளும் விஸ்வீல்ஸ் சக்கரம் வந்தது. மெட்டாய் 1983-இல் நொடித்துப் போனது. எந்த மாற்றம் எதற்கு முன், எதற்குப் பின் என்பதைத் தெரிந்துகொள்ள வான் கிளீம்புட் எழுதிய பெரிய புத்தகம் ஒன்று துணை. மற்றபடி நம்மிடம் இருக்கும் சாட்சி வண்டிகள்தான். கொக்கி இல்லாத அடித்தகட்டைக் கழற்றி, பிற்கால உடலில் பொருத்தி, 'அழகாக இருக்கிறது' என்று வைத்துக்கொண்டால், இரண்டு சாட்சிகளை ஒரே நேரத்தில் வாயடைக்கிறோம்.

மெகோ பொம்மைகளின் கதை இதைவிடச் சிக்கலானது. நியூயார்க்கின் மெகோ நிறுவனம் 1972-இல் சூப்பர்மேன், பேட்மேன், ராபின், அக்வாமேன் என்று நாலு பேரோடு தொடங்கிய எட்டு அங்குல வரிசை அது. பிளாஸ்டிக் உடலுக்குத் துணி உடை, பேட்மேனுக்குத் தோளில் கேப், கையில் கையுறை, இடுப்பில் வார். ஒரே அளவு உடலைச் செய்து வைத்துக்கொண்டு தலையையும் உடையையும் மாற்றி எத்தனையோ நாயகர்களை உண்டாக்கினார்கள். தொழில் சிக்கனம் என்ற வகையில் அது மேதைமை. ஆனால் அதே காரணத்தால் எந்தத் தலையையும் எந்த உடலிலும் மாட்டிவிடலாம்.

முதலில் வந்த பேட்மேனுக்கு முகமூடி தனியாகக் கழலும், உள்ளே ஒரு முகம் இருக்கும். பிறகு முகமூடியும் தலையும் ஒன்றாக வார்க்கப்பட்டன. கழலும் முகமூடிக்கு இன்று தனி மதிப்பு. தொடக்க கால உடல்களின் முழங்கை, முழங்கால் மூட்டுகளில் உலோக ஊசி தெரியும். பின்னால் வந்த உடலில் மூட்டும் பிளாஸ்டிக். ஆகவே கழலும் முகமூடித் தலை, பிளாஸ்டிக் மூட்டு உடலில் இருந்தால் நாம் நிதானிக்க வேண்டும். முதுகில் ரோம எண்ணில் 1971 என்று பொறித்திருப்பதைப் பார்த்து 'இது 1971 பொம்மை' என்று விற்பவர்களும் உண்டு. அது அந்த உடல் வடிவத்துக்கான உரிமை ஆண்டு. அதே அச்சில் வந்த எல்லா உடலிலும் அது இருக்கும். இதைத் தெரிந்தவர்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும், குறிப்பாகப் புதிதாக வருபவர்களிடம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1974-இல் மாண்ட்கோமரி வார்ட் என்ற அஞ்சல்வழி வணிக நிறுவனத்துக்காக மட்டும் மெகோ நாலு 'ரகசிய அடையாள' உருவங்கள் செய்தது. முகமூடி இல்லாத புரூஸ் வெய்ன், டிக் கிரேசன், கிளார்க் கென்ட், பீட்டர் பார்க்கர். கோட்டும் சட்டையும் போட்ட சாதாரண மனிதர்கள். குழந்தைகளை அவ்வளவாக ஈர்க்கவில்லை என்பதால் இன்று அரிதாகிவிட்டவர்கள். அவர்களுடைய சின்னஞ்சிறு உடைகளைத் தைத்து விற்பது இன்று கடினமில்லை. தைப்பவர் நேர்மையாகத்தான் விற்கிறார், 'இது நான் தைத்தது' என்று. அதை வாங்கி உடுத்திவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கும்போதுதான் வாய் மூடிக்கொள்கிறது.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும், பல முறை கேட்டிருக்கிறேன். 'ரீப்ரோ என்று எழுதினால் பொருளின் மதிப்புப் போய்விடும்.' அப்படிச் சொல்பவர்களை நாம் எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடும் அந்த நிஜ வண்டியைப் பார்க்கச் சொல்கிறேன்.

பேட்மொபீல் பேட்மொபீலாகப் பிறக்கவில்லை. அது லிங்கன் ஃப்யூச்சரா. ஃபோர்டு நிறுவனம் எதிர்காலக் கார் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக, இத்தாலியின் டூரின் நகரில் கியா பட்டறையில் கையாலேயே செய்வித்து, 1955-இல் சிகாகோ வாகனக் கண்காட்சியில் நிறுத்திய ஒற்றை வண்டி. இரட்டைக் குமிழ்க் கண்ணாடிக் கூரை, பின்னால் எழும்பிய இறக்கைகள், பத்தொன்பது அடி நீளம். முத்து போன்ற வெளிர் நிறத்தில் இருந்ததற்கு, 1959-இல் ஒரு திரைப்படத்துக்காகச் சிவப்புப் பூசினார்கள். பிறகு அது ஹாலிவுட்டில் கார்களை உருமாற்றும் ஜார்ஜ் பாரிஸிடம் வந்து சேர்ந்து சும்மா கிடந்தது. தொடர் தொடங்கப் போகிறது, வண்டி வேண்டும், மூன்றே வாரம் என்று கேட்டபோது பாரிஸின் பட்டறை அந்த ஃப்யூச்சராவை எடுத்து, மூக்கை மாற்றி, இறக்கையை வௌவால் சிறகாக வளைத்து, கறுப்புப் பூசி, ஓரமெல்லாம் ஒளிரும் சிவப்புக் கோடு இழுத்தது.

'அசல்' என்ற கண்ணால் பார்த்தால் இது அழிவு. உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்த ஃப்யூச்சரா இனி இல்லை. ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஏன்? அதன் ஒவ்வொரு மாற்றமும் எல்லோருக்கும் தெரியும். யார் செய்தார், எப்போது செய்தார், எதன் மேல் செய்தார் என்பது பதிவில் இருக்கிறது. அந்த வண்டி 2013 ஜனவரியில் அரிஸோனா மாநிலம் ஸ்காட்ஸ்டேலில் பேரட்-ஜாக்சன் ஏலத்தில் 42 லட்சம் டாலருக்குப் போனது, ஏலக் கட்டணம் தனி. மாற்றம் செய்த பொருள் என்பதால் விலை விழவில்லை. மாற்றத்தின் கதைதான் அதன் விலை. அதன் உடலில் அச்சு எடுத்து பாரிஸ் ஃபைபர்கிளாஸில் நகல்களும் செய்தார். ஊர் ஊராகக் கண்காட்சிக்குப் போனவை அவை. நகல் என்று தெரிந்தேதான் மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள், இன்றும் நகல் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். ஐந்து அங்குல வண்டிக்கு மட்டும் நமக்கு ஏன் இந்த வெட்கம்?

'தெரிந்தவர்களுக்குத் தெரியும்' என்பார்கள் இன்னும் சிலர். பழகிய கண்ணுக்கு ரீப்ரோ ராக்கெட்டின் மஞ்சள் சற்று வேறாகத் தெரியும்தான். இன்றைக்கு. ஆனால் நகல் செய்பவர்களின் திறமை ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. பழையதை வருடிப் பார்த்துச் சொல்லக்கூடிய மனிதர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். 1966-இல் எட்டு வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதை நெருங்கிவிட்டார்கள். ஆடம் வெஸ்ட் 2017 ஜூனில் மறைந்தபோது லாஸ் ஏஞ்சலீஸ் நகர மண்டபத்தின் சுவரில் வௌவால் விளக்கைப் பாய்ச்சி விடை கொடுத்தார்கள். அன்று திரண்ட கூட்டத்தில் இருந்தவர்களின் அலமாரிகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டுச் சந்தைக்கு வரும் காலம் இது. திறப்பவர்கள் பிள்ளைகள். அப்பா எதை எங்கே மாட்டினார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

'நான் விற்கவே போவதில்லை' என்பவருக்கும் இதே பதில்தான். நீங்கள் விற்க மாட்டீர்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர் விற்பார்.

புதிய பொம்மைகளும் குழப்பத்தைக் கூட்டியிருக்கின்றன. அவற்றை நான் மனமார வரவேற்கிறேன், ஆனால் கலந்துவிடக் கூடாது. தொடர் அப்போது ஃபாக்ஸ் நிறுவனத்திடம் இருந்தது, கதாபாத்திரங்கள் டிசி-வார்னருடையவை. இந்த இழுபறியில் ஆடம் வெஸ்டின் முகத்தோடு, ஜோக்கர் சீசர் ரொமேரோவின் முகத்தோடு ஒழுங்கான உருவங்கள் பல பத்தாண்டுகள் வரவில்லை. அறுபதுகளில் வந்தவையும் மெகோவும் சித்திரக்கதையின் முகங்களையே பின்பற்றின. நாம் 'அறுபத்தாறு' தொடர் என்று நினைத்துக்கொண்டு மெகோவைப் பார்த்தோம், கண்ணுக்குப் பதில் மனசு அந்த முகத்தை வரைந்துகொண்டது. 2012-இல் உரிமைச் சிக்கல் தீர்ந்த பிறகு அணை திறந்தது. 2013-இல் மேட்டல் ஆறு அங்குல உருவங்களைக் கொண்டுவந்தது. ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் பன்னிரண்டு அங்குலத்தில், ஆடம் வெஸ்டின் புருவச் சுருக்கம்வரை கொண்டுவந்தது. ரொமேரோ மீசையை மழிக்க மறுத்து, அதன் மேலேயே வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு ஜோக்கராக நடித்தவர். ஆகவே எந்த நிறுவனம் ரொமேரோ ஜோக்கரைச் செய்தாலும் நான் முதலில் பார்ப்பது மேல் உதடு. அந்த மீசையின் தடத்தைச் செதுக்கியிருந்தால் செய்தவர் தொடரைப் பார்த்திருக்கிறார்.

அதே காலத்தில் ஃபிகர்ஸ் டாய் கம்பெனி, மெகோ பாணியிலேயே எட்டு அங்குல, துணி உடுத்திய அறுபத்தாறு உருவங்களை விற்கத் தொடங்கியது. 2018-இல் மெகோ என்ற பெயரே புத்துயிர் பெற்றுக் கடைகளுக்கு வந்தது. அழகான வேலைதான். ஆனால் புதிய உடலும் பழைய உடையும், பழைய தலையும் புதிய கையுறையும் ஒன்றோடொன்று அளவு பொருந்தக்கூடியவை. இன்று ஒரு பொம்மையைப் பார்த்தால் அதில் மூன்று காலத்து உறுப்புகள் கலந்திருக்கலாம்.

பொருளின் சிதைவையும் நினைத்துக்கொள்ளுங்கள். மெகோ உடலுக்குள் கை கால்களைப் பிடித்து வைத்திருப்பது எலாஸ்டிக். அது ஐம்பது ஆண்டு தாங்காது, தளர்ந்து அறும். மென்மையான வினைல், வளைய வைப்பதற்காகக் கலந்த எண்ணெயை மெல்ல வெளியே விடும். தொட்டால் பிசுபிசுக்கும். ரப்பர் டயர் கடின பிளாஸ்டிக்கைத் தொட்டபடி பல ஆண்டு கிடந்தால் பிளாஸ்டிக்கை உருக்கித் தன் தடத்தைப் பதிக்கும். சென்னை, நாகை, கொழும்பு, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் என்று கடலோரத்தில் இருக்கும் நமக்கு உப்புக் காற்றும் புழுக்கமும் வேறு. அட்டைப் பெட்டியில் பூஞ்சை பிடிக்கும், ஆணியும் அச்சும் துருப்பிடிக்கும். பொம்மையைப் பாலித்தீனில் இறுக்கிச் சுற்றாதீர்கள், வியர்த்துவிடும். மூச்சு விட இடம் கொடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தவறாமல் மாற்றி, வெயில் படாமல் வையுங்கள். இவ்வளவு செய்தாலும் உறுப்புகள் ஒவ்வொன்றாகப் போகத்தான் போகும், மாற்று உறுப்புகள் கூடத்தான் போகும். இன்று இரண்டு ராக்கெட்டுக்குச் சீட்டு எழுதச் சோம்பல் பட்டால், நாளை பாதி வண்டி யாருடையது என்று சொல்ல முடியாது.

சீட்டுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். அமிலமில்லாத தாள் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் நல்ல நோட்டுத் தாள். பென்சிலில் எழுதுங்கள், மை ஊறும். பொருளின் எண், எங்கே எந்த ஆண்டு கிடைத்தது, வந்தபோது என்ன நிலையில் இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள். தெரியாததைத் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள், ஊகத்தை ஊகம் என்று எழுதுங்கள். மேலிருந்தும் அடித்தகட்டிலிருந்தும் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய அசல் உறுப்பு உடைந்திருந்தாலும் தூக்கி எறியாமல் ஒரு சின்ன உறையில் போட்டு அதே பெட்டியில் வையுங்கள். உடைந்த ஏரியலின் அடித்துண்டுகூட, அந்த வண்டிக்கு எந்த நிற ஏரியல் இருந்தது என்று சொல்லும். அக்ரிலிக் பெட்டியில் அடைத்து மதிப்பெண் போட்டு வரும் பொருளுக்கும் சீட்டு எழுதுங்கள். மதிப்பெண் பொருளின் நிலையைச் சொல்லும், அது கடந்து வந்த கைகளைச் சொல்லாது.

நம்மில் மாற்று உறுப்புகளை வார்க்கும் நண்பர்களும் இருக்கிறார்கள். 3டி பிரிண்டர் வந்த பிறகு அவர்கள் எண்ணிக்கை கூடியிருக்கிறது, கைத்திறனும் வியக்க வைக்கிறது. உங்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். அச்சிலேயே ஒரு சின்னப் புள்ளியோ எழுத்தோ வையுங்கள், மாட்டிய பிறகு வெளியே தெரியாத இடத்தில். ராக்கெட்டின் அடிப்பக்கம், கையுறையின் உள்பக்கம், பெட்டியின் மடிப்புக்குள். அசலோடு போட்டி போடும் அளவுக்கு வேலை செய்பவர்கள் தங்கள் கைக்குறியை வைக்கத் தயங்க வேண்டிய அவசியமே இல்லை. நூறு ஆண்டு கழித்து ஒருவர் அதைக் கண்டுபிடித்து, இதைச் செய்தவர் யார் என்று தேடட்டும்.

அந்த இளைய நண்பரின் வண்டி இப்போது என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. வண்டியைத் தூக்கிப் போட நண்பருக்கு மனமில்லை. கத்தி பாய்கிறது, தீ நாக்கு ஆடுகிறது, சக்கரம் சுற்றுகிறது. இரண்டு பேரும் உட்கார்ந்து அதற்குச் சீட்டு எழுதினோம். 'மறுவண்ணம், ஆண்டு தெரியவில்லை, ரிவெட் பிரிக்கப்பட்டது, கதவுச் சின்னம் புதியது.' அவர் அதைத் தன் அக்கா மகனுக்கு விளையாடக் கொடுத்திருக்கிறார், சீட்டைப் பத்திரமாகத் தன்னிடம் வைத்துக்கொண்டு.

அடுத்த முறை நாம் கூடிப் பொருள் மாற்றிக்கொள்ளும்போது மேசையில் சீட்டோடு வையுங்கள். சீட்டில்லாத பொருளை ஒதுக்கச் சொல்லவில்லை. வாங்குபவர் கேட்கட்டும், கொடுப்பவர் தெரிந்ததைச் சொல்லட்டும், அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம். மாதிரிக்கு என் வண்டியின் சீட்டைக் கீழே தருகிறேன். குறை தெரிந்தால் திருத்திச் சொல்லுங்கள்.

கார்கி 267 பேட்மொபீல். பளபளப்புக் கறுப்பு, அசல் வண்ணம், இடது இறக்கை நுனியில் உதிர்வு. அடித்தகடு கொக்கியுடன், ரிவெட் பிரிக்கப்படவில்லை. சக்கர வட்டு சிவப்பு வௌவால், நான்கும் அசல். பேட்மேன் அசல், ராபின் ரீப்ரோ. ஏரியல் ரீப்ரோ, அசலின் அடித்துண்டு உறையில் உள்ளது. ராக்கெட் மூன்றும் ரீப்ரோ. பெட்டி இல்லை. கத்தியின் சுருள்கம்பி மாற்றப்பட்டதா, தெரியவில்லை.

அன்புடன்,
உங்களில் ஒருவன்